அருகில் அமர்ந்து கேட்பது

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளியில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் தமிழ் வாசிப்பை மட்டும், அதிலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் எடுத்துக்கொள்கிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குழந்தையும் தனியாக வாசிப்பதை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அது நடக்காத வகுப்பில் எந்த அட்டையும், எந்தச் செயலியும், எவ்வளவு அழகாக அச்சிட்ட பாடநூலும் பாதி வேலையைத்தான் செய்யும்.

ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியை ஒரு வரி சொல்கிறார், முப்பது குழந்தைகள் சேர்ந்து திருப்பிச் சொல்கிறார்கள். குரல் கணீரென்று இருக்கிறது, வெளியே வராந்தாவில் நடந்துபோகிறவருக்கு இந்த வகுப்பு நன்றாகப் படிக்கிறது என்றுதான் தோன்றும். இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கும் சிறுவனிடம் போய், பக்கத்தின் நடுவில் இருக்கும் ஒரு சொல்லின்மீது விரலை வைத்து, "இது என்னப்பா?" என்று கேளுங்கள். அவன் அந்தச் சொல்லைப் பார்க்க மாட்டான். பக்கத்தின் முதல் வரிக்குப் போவான், அங்கிருந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்து, விரல் இருக்கும் இடத்தை அடையும்போது நிறுத்துவான். சில சமயம் ஒரு சொல் முன்னால் நிறுத்திவிடுவான், சில சமயம் ஒரு சொல் தாண்டிவிடுவான். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அதே பாடத்தை அவன் சொல்லக்கூடும். நினைவாற்றலில் அவனுக்குக் குறையே இல்லை. அவன் இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். கூட்டுக்குரலில் இது தெரியவே தெரியாது. நான்காம் வகுப்பில் பாடம் நீளமாகி மனப்பாடத்துக்கு அடங்காமல் போகும்போதுதான் வெளியே வரும். அதற்குள் மூன்று ஆண்டுகள் போயிருக்கும்.

ஏசர் ஆய்வை நீங்கள் அறிவீர்கள். 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று நடத்தப்படும் ஆய்வு. 2018இல் நாடு முழுவதும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 27.3 விழுக்காடு. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் அது 20.5 ஆகச் சரிந்தது. 2024இல் மீண்டும் 27.1. இந்த எண்களை வைத்து ஆட்சியைப் புகழ்பவர்களும் உண்டு, திட்டுபவர்களும் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அவர்கள் சோதிக்கும் முறை. ஒரு தாளில் எழுத்துகள், சொற்கள், எளிய பத்தி, சிறு கதை ஆகிய நான்கும் இருக்கும். குழந்தையின் கையில் அதைக் கொடுத்து, எதிரில் ஒருவர் உட்கார்ந்து, அந்தக் குழந்தை வாசிப்பதைக் கேட்கிறார். வேறு கருவி கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆய்வாளர் வீட்டு வாசலில் செய்வதை நாம் வகுப்பறையில் வாரந்தோறும் செய்யலாமே என்பதுதான் என் விண்ணப்பம்.

கேட்பது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதி, ஓலையில் அரிச்சுவடி படித்த காலத்தில், ஒவ்வொரு பிள்ளையும் தன் பாடத்தை வாத்தியாரிடமோ சட்டாம்பிள்ளையிடமோ தனியாக ஒப்பித்தாக வேண்டும். 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் இல்லத்தைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த ஊர்ப் பள்ளிகளில் மணலில் எழுதுவதைக் கண்டு, அதையும் பிள்ளைகளைக்கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் தம் இல்லத்தில் நடைமுறைப்படுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார், இங்கிலாந்தின் பள்ளிகளுக்கு அந்த முறை பரவியது. பெருமைப்பட்டுக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அந்தத் திண்ணைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இல்லை, பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை, பிரம்புக்கு மட்டும் குறைவில்லை. அவற்றைத் திரும்பக் கொண்டுவர யாரும் விரும்ப வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் வாயிலிருந்தும் பாடத்தைத் தனியே கேட்பது என்ற ஒன்றை, எல்லோருக்கும் கதவைத் திறந்த நம் பள்ளிகள் எண்ணிக்கையின் நெருக்கடியில் கைவிட்டுவிட்டன.

இனி எழுத்துக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் வாசிப்புக் கல்வி பற்றி நமக்கு வந்துசேரும் பயிற்சிக் கையேடுகளில் பல, ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். எழுத்துகளின் எண்ணிக்கை அங்கே சிக்கல் இல்லை, ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு வேறாக ஒலிப்பதுதான் சிக்கல். அதனால் ஒலியிலிருந்து கற்பிப்பதா, முழுச் சொல்லிலிருந்து கற்பிப்பதா என்று பல தலைமுறையாகச் சண்டை போட்டார்கள். அமெரிக்காவில் ஜீன் சால் 1967இலேயே எழுத்து-ஒலித் தொடர்பை முறையாகக் கற்பிப்பதே தொடக்கத்தில் நல்ல பலன் தருகிறது என்று எழுதினார், அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையை நாம் அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. தமிழில் எழுத்தும் ஒலியும் மிக நெருக்கம். நம் சுமை வேறு இடத்தில் இருக்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்று 247 வடிவங்கள். கன்னடக் குழந்தைகளிடம் ஆய்வு செய்த சோனாலி நாக், 2007இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய எழுத்துமுறையில் எல்லா எழுத்துகளும் பிடிபடுவதற்கு நான்காம் வகுப்பையும் தாண்டலாம் என்று காட்டினார். ஆங்கிலம் கற்கும் குழந்தைக்கு ஓராண்டுக்குள் முடியும் எழுத்தறிமுகம் நம் குழந்தைக்கு அவ்வளவு நீளும் என்றால், முதல் வகுப்பு முடிந்ததும் "எழுத்தெல்லாம் நடத்தியாச்சு" என்று மூடிவிடக் கூடாது.

இந்த 247இல் எல்லாமும் ஒரே எடை அல்ல. ஙி, ஙீ, ஙு என்று சொல்லில் வராத எழுத்துகளை ஒப்பிக்க வைக்கும் நேரத்தில் ஒரு கதை வாசித்துவிடலாம். ஆ, இ, எ, ஏ, ஐ வரிசைகளுக்குத் துணைக்கால், கொம்பு என்று நிலையான குறிகள் இருக்கின்றன, ஒரு வரிசையில் கற்ற குறி அடுத்த எழுத்துக்கும் உதவும். இது முன்பு இவ்வளவு சீராக இல்லை. பெரியார் 1935 முதல் குடி அரசில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகள் மற்றவற்றோடு ஒரே ஒழுங்குக்கு வந்தன. அச்சுக்கோப்பவர்களைவிட ஐந்து வயதுக் குழந்தைக்கு அது பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன். ஆனால் உகர, ஊகார வரிசைகள் அப்படியே நின்றுவிட்டன. கு, சு, து, மு, று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், அதிலிருந்து நெடில் உண்டாகும் விதமும் வேறு வேறு. பதினெட்டு மெய்க்கு முப்பத்தாறு வடிவங்களைப் பெரும்பாலும் தனித்தனியே மனத்தில் பதிக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகள் தடுக்கி விழும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் பாடத்திட்டத்தில் இந்த இரண்டு வரிசைகளுக்கும் மற்ற வரிசைகளுக்குக் கிடைக்கும் அதே நாட்கள்தான் கிடைக்கின்றன.

ஒகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கொடி" என்ற சொல்லில் கண் முதலில் சந்திப்பது கொம்பை. பிறகு க, அதன் பிறகு கால். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் சேர்ந்து நடுவில் இருக்கும் எழுத்துக்குப் பின் ஒலிக்கும் ஓர் உயிர். நமக்குப் பழகிவிட்டதால் இது விசித்திரமாகத் தெரிவதில்லை. புதிதாக வரும் குழந்தை கொம்பையும் க-வையும் சேர்த்து "கெ" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருக்கும் காலை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும். சில குழந்தைகள் அந்தக் காலை "ர" என்று படிக்கும், "கெரடி" என்று வரும். இதற்கு நேர்மாறாக "மரம்" என்பதை "மாம்" என்று படிக்கும் குழந்தையும் உண்டு. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் இடையில் இருப்பது கீழே ஒரு சிறு கோடு மட்டும்தானே. மலிவான தாளில், சிறிய எழுத்தில் அதுவும் தெரியாது. இடவலம் மாற்றி எழுதுவதும் அப்படித்தான். கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப்போட்டாலும் பொருள் ஒன்றே என்று பார்ப்பது மனித மூளையின் இயல்பு, எழுத்துக்காக அந்த இயல்பை விலக்கிவைக்கக் கற்க வேண்டியிருக்கிறது என்று பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் விளக்குகிறார். இதையெல்லாம் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம்.

இப்போது கேட்பதன் பயன் விளங்கும். ஒரு குழந்தை "கொடி"யைக் "கெடி" என்கிறது. இன்னொன்று "மரம்" என்பதை "ம, ர, இம்" என்று சொல்லிவிட்டு, மூன்றையும் சேர்க்க முடியாமல் நிற்கிறது. மூன்றாவது குழந்தை "பறவை" என்று அச்சிட்டிருக்கும் இடத்தில், பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டுத் தெளிவாகக் "குருவி" என்கிறது. மூன்றுக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் குழந்தைக்கு ஒகரக் குறியை மட்டும் தனியே காட்டி, கெ, கொ, பெ, பொ என்று எதிரெதிரே வைத்துப் பழக்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு எழுத்துகள் எல்லாம் தெரியும். மெய்யெழுத்தை "இம்", "இக்" என்று நாம் சொல்லிக்கொடுத்த பெயர்தான் அதற்கு முட்டுக்கட்டை. "மரம்" என்பதை முதலில் வாயால் நீட்டிச் சொல்லி, "மரம்ம்ம்" என்று உதட்டை மூட வைத்து, அந்த மூடிய உதட்டின் ஒலிதான் இந்தப் புள்ளி வைத்த எழுத்து என்று காட்டினால் சேர்த்துவிடும். மூன்றாவது குழந்தை கெட்டிக்காரத்தனமாக ஊகிக்கிறது. படத்தைக் கையால் மூடிவிட்டு முதல் எழுத்தைப் பார்க்கச் சொன்னால் போதும். விடைத்தாளில் இந்த மூன்று பேரும் ஒன்றுபோலவே தெரிவார்கள், காதுக்குத்தான் வேறுபாடு எட்டும்.

நான்காவதாக ஒரு குழந்தை உண்டு, அதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். புத்தகத்தில் "அவர்கள் வீட்டிலிருந்து வந்தார்கள்" என்று இருக்கிறது. குழந்தை வரியில் விரலை ஓட்டி, "அவங்க வீட்லேர்ந்து வந்தாங்க" என்கிறது. "தப்பு, ஒழுங்காப் படி" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். ஆனால் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் குழந்தை எழுத்தைக் கண்டு, பொருளைப் பிடித்து, தன் வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்லிவிட்டது. வாசிப்பின் கடினமான பகுதியை முடித்துவிட்ட குழந்தை அது. "ஆமாம்மா, வந்தாங்க. புத்தகத்துல எப்படி எழுதியிருக்காங்க, மறுபடி பாத்துச் சொல்லு" என்றால் "வந்தார்கள்" என்று அழகாகச் சொல்லும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்தை ஆறு வயதில் கடக்கச் சொல்கிறோம். வீட்டில் யாரும் "வந்தார்கள்" என்று பேசுவதில்லை. ஆகவே அந்த எழுத்துத் தமிழ் முதலில் காது வழியாகப் பழக வேண்டும். ஆசிரியர் தினமும் ஒரு கதையைப் புத்தகத்தைப் பார்த்து, புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்ட வேண்டும். கதை சொல்வது நல்லதுதான். வாசித்துக் காட்டுவது தனி வேலை, சொல்வதை வைத்து அதை ஈடுசெய்ய முடியாது.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனை, மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இவ்வளவு தேவைப்படுவதற்குத் தமிழில் தனியாக ஒரு காரணமும் உண்டு. நம் வல்லின எழுத்துகள் இடத்துக்கேற்ப ஒலி மாறுபவை. "கல்", "தங்கம்", "பகல்" மூன்றிலும் ஒரே க, ஒலி மூன்று விதம். "பகல்" என்ற சொல்லை முன்பே கேட்டிருக்கும் குழந்தை, எழுத்தெழுத்தாகக் கூட்டித் தவறாக ஒலித்தாலும், "ஓ, பகலா!" என்று தானே திருத்திக்கொள்ளும். சொல்லைக் கேட்டே இராத குழந்தைக்கு அந்தத் துணை இல்லை. திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைகளுக்கு வரும் ஒடியா பேசும் குடும்பத்துக் குழந்தையையும், மலைப் பள்ளிகளில் வேறு மொழி பேசும் பழங்குடிக் குழந்தையையும், வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் குழந்தையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு எழுத்துக்கு முன்னால் பேச்சு வேண்டும், அதுவும் ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல, மாதக்கணக்கில்.

அளவுகோல்கள் பற்றி ஒரு சொல். மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்கள் என்று நிபுண் பாரத் திட்டம் இலக்கு வைத்தது. வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்துக்கு எழுத்து நின்று படித்தால் வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும், சரளம் வந்தால்தான் மனம் பொருளுக்குப் போகும். ஆனால் தமிழில் சொல் என்பது எது? "விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது ஒரு சொல். "பூ" என்பதும் ஒரு சொல்தான். ஒட்டிக்கொண்டே போகும் மொழியில் சொற்களை எண்ணி வேகம் அளப்பது, குழந்தைக்கும் நியாயம் இல்லை, ஆசிரியருக்கும் நியாயம் இல்லை. எழுத்துகளை எண்ணலாம். அதைவிட, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறதா, கேள்வி வாக்கியத்தில் குரல் உயர்கிறதா என்று கேட்பது மேல்.

தமிழ்நாடு இந்தத் துறையில் சும்மா இருக்கவில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டு, எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. தரையில் பாய், கற்றல் ஏணி, அட்டைகள், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. குழந்தை தன் வேகத்தில் போகலாம் என்ற எண்ணத்தை அரசுப் பள்ளிக்குள் கொண்டுவந்தது அந்த முயற்சி, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அட்டையை முடிப்பதும் வாசிக்கக் கற்பதும் ஒன்று என்று நினைத்த இடங்களில் அது தளர்ந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்த இடைவெளியை ஈடுசெய்ய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதை நான் வரவேற்கிறேன், எல்லோருக்கும் ஒரே பக்கம் என்ற பழக்கத்தை அது உடைத்தது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அரும்பு என்ற பெயர் ஒரு குழந்தையின்மேல் ஆண்டு முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்த நிலைக்கு அனுப்பலாமா என்பதைச் செயலியில் பதிவேற்றும் நாள் முடிவு செய்யக் கூடாது, நேற்று நீங்கள் கேட்ட வாசிப்பு முடிவு செய்ய வேண்டும்.

"நேரம் எங்கே சார் இருக்கு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் இந்த அரங்கில் பலர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது குழந்தைகள் என்றால் நாளுக்கு ஆறு பேர், ஒருவருக்கு இரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடம்தான். ஐந்து நாளில் வகுப்பு முழுவதையும் கேட்டுவிடலாம். மற்றவர்கள் அந்த நேரத்தில் இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டட்டும். சத்தமாக இருக்கும், இருக்கட்டும். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. குழந்தையின் பெயர், என்ன இருந்தது, என்ன படித்தது, அவ்வளவு எழுதினால் போதும். "கொடி - கெடி." "மரம் - மாம்." இந்த நோட்டை மேலதிகாரிக்குக் காட்ட வேண்டாம். தலைமை ஆசிரியர்களையும் வட்டாரக் கல்வி அலுவலர்களையும் நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது, இதை இன்னொரு பதிவேடாக ஆக்கிவிடாதீர்கள். குழந்தை தடுமாறும்போது உடனே எடுத்துக்கொடுக்காமல் மனத்துக்குள் மூன்று எண்ணும்வரை பொறுத்திருங்கள். பெரும்பாலான திருத்தம் அந்தப் பொறுமையில் குழந்தையே செய்துகொள்வது.

கேட்டது போக, வாசிக்க ஏதாவது இருக்க வேண்டும். பாடநூல் ஒன்று மட்டும் போதாது, அது இரண்டு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு புத்தகங்கள் பல பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. அவற்றைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். கிழிந்தால் கிழியட்டும்.

கடைசியாக, ஆசிரியர் பயிற்சி மாணவி ஒருவர் சீட்டில் எழுதி அனுப்பிய கேள்வி: ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் தெரியாத பையனை என்ன செய்வது? அவனை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள், அணிலும் ஆடும் இருக்கும் புத்தகத்தையும் கொடுக்காதீர்கள். பத்து வயதுப் பையனுக்கு அது அவமானம். முதலில் தனியே கேட்டு, எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். ஒன்றுமே தெரியாது என்று சொல்லப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு அகர, ஆகார, இகர வரிசைகள் தெரிந்திருக்கும், உகரத்திலும் ஒகரத்திலும் ஒற்றெழுத்தைச் சேர்ப்பதிலும்தான் அடைபட்டிருப்பார்கள். அதை மட்டும் தினமும் கால் மணி நேரம் எடுங்கள். வாசிக்கக் கொடுப்பது அவன் வயதுக்கானதாக இருக்கட்டும். அவன் ஊர்ப் பேருந்தின் பெயர்ப்பலகை, கபடிப் போட்டி நோட்டீஸ், அவனே சொல்லி நீங்கள் எழுதிக்கொடுத்த அவன் வீட்டுக் கதை. அவன் சொன்ன சொற்களே தாளில் இருப்பதால், தடுக்கும் இடத்தில் அடுத்த சொல் என்ன என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தெம்பில் எழுத்தைப் பார்க்கத் துணிவான். முதல் வாரம் அவன் சொன்னதை அப்படியே பேச்சுத் தமிழில் எழுதிக்கொடுங்கள். மூன்றாவது வாரம் அதே கதையை எழுத்துத் தமிழில் எழுதிக்கொடுங்கள்.